ஐம்பது சதவீதம்

இட்வால் பிராஸருக்கு ஐம்பது சதவீதம்.
ரோண்டா பள்ளத்தாக்கில் அதை நோய் என்று யாரும் சொல்வதில்லை.
"அவருக்கு டஸ்ட்" என்பார்கள்,
அவருக்கு ஒரு நாய், அவருக்கு ஒரு பெண்
என்று சொல்வதைப் போல.
எதிர்வீட்டு எம்ரிஸுக்குப் பத்து.
கோடிவீட்டு ஹேடனுக்கு நூறு;
அவர் கட்டில் முன்னறைக்கு இறங்கி இரண்டு வருஷம்.

மருத்துவக் குழு படம் பிடிக்கும்,
குழாயில் ஊதச் சொல்லும்,
கடிதத்தில் ஓர் எண் போட்டு அனுப்பும்.
எண் கூடினால் பணம் கூடும்.
குறைந்து வந்தவனுக்கு மதுக்கடையில் துக்கம் விசாரிப்பார்கள்:
"பாவம், இன்னும் நன்றாக மூச்சு விடுகிறானாம்."

நம்மிடம் தூசு உண்டு, தூசி உண்டு.
கிளம்பினால் புழுதி,
இடித்தால் தூள்,
மூக்கில் ஏற்றினால் பொடி,
வெயில் கீற்றில் மிதந்தால் துகள்.
அவர்களிடம் இருப்பது ஒற்றைச் சொல்.
ஒரே சட்டையைத் துவைத்துத் துவைத்து உடுத்துகிறவன் மாதிரி
அதை வைத்தே காலம் தள்ளிவிடுகிறார்கள்.

காலையில் நெஸ்டா துணியோடு வந்து
பியானோவை டஸ்ட் செய்வாள்.
சாயங்காலம் சல்லடையோடு நின்று
கேக்கை டஸ்ட் செய்வாள்.
துடைப்பதும் அதுதான், தூவுவதும் அதுதான்.
அவள் இதில் விசித்திரம் எதுவும் கண்டதில்லை.
எழுதிக்கொண்டிருக்கும் நான்தான்
நடுவில் பேனாவை நிறுத்துகிறேன்.

செவ்வாய்தோறும் டஸ்ட்மேன் வருவான்.
தூசு பெயரில் மட்டும்;
அள்ளுவது முட்டை ஓடு, தேயிலைச் சக்கை, அடுப்புச் சாம்பல்.
ஒருநாள் இட்வால் சன்னலைத் தூக்கி
"என்னுடையதையும் எடுத்துக்கொண்டு போயேன் தம்பி" என்றார்.
சிரிப்பு இருமலாகி
அது ஓயக் கால்மணி நேரம் ஆயிற்று.
தொட்டியைக் கீழே வைத்துவிட்டு
அவன் அதுவரை நின்றான்.
தெருமுனையில் வண்டி ஒலி எழுப்பிக்கொண்டிருந்தது.

மகள் டெலித் பர்மிங்காமிலிருந்து அழுதாள்,
புருஷனோடு சண்டை.
தூசு அடங்கட்டும் என்றாள் நெஸ்டா, தொலைபேசியில்.
தூசு அடங்கட்டும், அப்புறம் பேசு.
உள்ளறையிலிருந்து இட்வால்:
"அதெல்லாம் அடங்கியாயிற்று என்று சொல்.
எல்லாம் இங்கே வந்து அடங்கியாயிற்று."
நெஞ்சைத் தட்டிக் காட்டினார்.
காட்டியது தொலைபேசிக்குத் தெரியவில்லை.

பிப்ரவரியில் போய்ச் சேர்ந்தார்.

எண்ணைச் சரிபார்க்க வேண்டும் என்றார்கள்.
தூசுதான் கொன்றது என்று
தூசே வந்து சாட்சி சொன்னால்தான் விதவைக்குப் பணம்.
நுரையீரல் இரண்டும்
மூடி போட்ட வாளியில் கார்டிஃபுக்குப் போயின.
மீதி இட்வாலை
மலைச்சரிவுக் கல்லறைக்குத் தூக்கினார்கள்.

மழை.
பாதிரியார் குடைக்குள் நின்று படித்தார்:
மண்ணுக்கு மண், சாம்பலுக்குச் சாம்பல், தூசிக்குத் தூசி.
டெலித் அள்ளிய மண் சேறாய் இருந்தது,
கையை விட்டு விழ மறுத்தது.
நெஸ்டா பெட்டியைப் பார்த்தபடி இருந்தாள்.
கல்யாணம் ஆன நாளிலிருந்து முதன்முறையாக
தூசே இல்லாத இட்வால் அதற்குள் படுத்திருந்தார்.

வீடு திரும்பியதும் கேக்.
கறுப்புச் சட்டைகளின் மேலெல்லாம் வெள்ளைச் சர்க்கரை.
எம்ரிஸ் தட்டிவிட்டுக்கொண்டே
"இதற்கு எத்தனை சதவீதம் கொடுப்பார்கள்?" என்று கேட்டார்.
யாரோ சிரித்தார்கள். நெஸ்டாதான்.

ஏப்ரலில் கடிதம் வந்தது.
தூசு கணிசமாக இருந்தது உண்மை,
இறப்புக்குக் காரணம் இதயம்,
வருந்துகிறோம்.
மடித்து, கடிகாரத்துக்குப் பின்னால் செருகினாள்.

மறுநாள் காலை துணியோடு வந்தாள்.
கடிதத்தை எடுத்து, அது இருந்த இடத்தைத் துடைத்து,
அங்கேயே வைத்தாள்.
பியானோவின் மூடியைத் திறந்தாள்.
கட்டைகளின் மேல் துணி ஓட ஓட
அடித்தொண்டையிலிருந்து உச்சிவரை
ஒவ்வொன்றாய்ச் சத்தம் எழும்பியது.
சுத்தமாகத்தான் இருந்தது.
மறுபடியும் இடப்பக்கம் போய்
முதல் கட்டையிலிருந்து ஆரம்பித்தாள்.