பன்றிகளோடு பழக்கம் உண்டா

ஹெல்மண்ட் மருத்துவமனையின்
சேர்க்கைப் படிவத்தில் ஏழாவது கேள்வி அது.
சர்க்கரை உண்டா, ஒவ்வாமை உண்டா,
வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் படுத்ததுண்டா,
பன்றிகளோடு பழக்கம் உண்டா.
பதினோரு வருடமாக நான்தான் கேட்கிறேன்.
சிரிப்பவர்களிடம்
சிரிக்காமல் இன்னொரு முறை கேட்பேன்.

மார்ச்சில் என் மூக்கிலேயே இருந்தது.
மருந்துக்குக்கூட ஒரு தும்மல் இல்லை.
வார்டு முழுக்கப் பஞ்சுக்குச்சி விட்டுப் பார்த்ததில்
முப்பத்தொரு பேரில் என் குழாய் ஒன்றுதான்.
எந்தெந்த மருந்துக்கு மசியாது என்பதை
ஆய்வகத்து ஃபெம்கே தொலைபேசியில் வாசித்தாள்,
விருந்துக்கு வர முடியாதவர்களின் பெயர்களைப் போல.
அன்றே வீட்டுக்கு அனுப்பினார்கள்.
கோட்டை எடுத்துக்கொள்ளலாம்,
பேனா இங்கேயே இருக்கட்டும்.

எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை.
முந்தைய ஞாயிறு அப்பாவின் கொட்டிலில்
ஈன முடியாமல் திணறிய ஒன்றினுள்
முழங்கை வரை கையை விட்டு இழுத்தேன்.
பதினான்கு குட்டிகள். பதின்மூன்று பிழைத்தன.

ஐந்து நாள்.
மூக்கில் களிம்பு, காலை மதியம் இரவு.
இளஞ்சிவப்புச் சோப்பில் உச்சி முதல் பாதம் வரை.
அக்குளை மறக்காதீர்கள், தொப்புளை மறக்காதீர்கள் என்று
நோயாளிகளுக்குச் சொல்வதைக்
குளியலறையில் எனக்கே சொன்னேன்.
தலையணை உறை தினமும், அறுபது டிகிரியில்.
துண்டு ஆளுக்கொன்று; யோஸ்டுடையது நீலம்.
பழைய பிரஷ் குப்பைக்கு.
சீப்பு, கண்ணாடியின் காது, ரிமோட்,
கதவுக் குமிழ், குழாயின் திருகு.
ஒரு நாளில் எத்தனையைத் தொடுகிறேன் என்பது
துடைக்கும்போதுதான் தெரிந்தது.
யோஸ்டுக்கும் அதே களிம்பு.
நான் என்ன பாவம் செய்தேன் என்று முனகிக்கொண்டே
மூக்கை நீட்டினான்.
படுக்கையறைக்கு வெளியே
பூனை ஐந்து இரவும் கத்தியது.

கொட்டில் பக்கம் இனி வரமாட்டேன் என்று
அப்பாவுக்கு ஃபோன் செய்தேன்.
கொஞ்ச நேரம் விசிறிகளின் இரைச்சல் மட்டும்.
"அப்போ என்னைக் கைகழுவிவிட்டாய்."
"கையைத்தான் கழுவுகிறேன், அப்பா.
கட்டைவிரலோடு சேர்த்து.
எல்லோரும் மறப்பது அதைத்தான்."
அவர் சிரிக்கவில்லை.
தீவனத்தில் மருந்து கலந்ததெல்லாம் எப்போதோ போயிற்று, என்றார்.
டாக்டர் கையெழுத்து இல்லாமல்
ஒரு ஊசிகூட இல்லை, என்றார்.
தெரியும்.
குறைத்தது உண்மை. மிச்சம் இருப்பதும் உண்மை.
இரண்டையும் சொல்ல ஒரு நல்ல வாக்கியம்
இன்னும் எனக்குக் கிடைக்கவில்லை.

வாரத்துக்கொன்றாக மூன்று சோதனை.
மூன்றும் சுத்தம். மே மாதம்
என் பேனா அதே குவளையில் இருந்தது.

ஜூனில் தீவனக் கோபுரத்தின் ஏணியிலிருந்து விழுந்தார்.
இடுப்பெலும்பு.
ஏழாவது கேள்வியை யாரும் கேட்கவேண்டியிருக்கவில்லை;
ஸ்ட்ரெச்சரிலிருந்தே கத்தினாராம்:
"பன்றிகள் உண்டு! ஆயிரத்து இருநூறு!"

தனி அறை. இரண்டு கதவு,
ஒன்று மூடினால்தான் மற்றது திறக்கும்.
அங்கி, தொப்பி, முகமூடி, கையுறை.
அதற்குள் நாங்கள் எல்லோரும் ஒரே மஞ்சள்.
வலிமருந்தின் மயக்கத்தில் என்னைப் பார்த்து
நீங்கள் என்றார், சிஸ்டர் என்றார்.
"என் மகளும் இங்கேதான் வேலை பார்க்கிறாள்.
அவளை மட்டும் உள்ளே விடாதீர்கள்.
மூன்று முறை சோதித்துத்தான் திரும்ப எடுத்தார்கள்."

ட்ரிப்பின் வேகத்தைக் குறைத்தேன்.
தலையணையை நிமிர்த்தினேன்.
முகமூடிக்குள் என் மூச்சு நனைந்திருந்தது.
சொல்லலாமா என்று யோசிப்பதற்குள்
அடுத்த அறையில் மணி அடித்தது.

நடுவிலிருந்த சிற்றறையில்
கையுறையை உள்வெளியாகக் கழற்றினேன், பிறகு அங்கி,
கடைசியாக முகமூடி.
கை கழுவும் அவசரத்தில் நிமிர்ந்தபோது
கண்ணாடிக்கு அப்பால் அவர் விழித்திருந்தார்.
என் முகத்தை வெகுநேரம் பார்த்தார்.
பிறகு ஊசி குத்தாத கையைச் சிரமப்பட்டுத் தூக்கி,
கட்டைவிரலைத் தனியாக ஆட்டிக் காட்டினார்.

குழாயைத் திரும்பத் திறந்தேன்.