மேல்சிகிச்சை

மலையிலிருந்து இறக்கிக் கொண்டுவந்தவளை
மேல்சிகிச்சைக்கு அனுப்புகிறேன் என்று எழுதினேன்.
பேனா ஒரு நொடி நின்றது.
மேலேயிருந்துதானே வந்திருக்கிறாள்,
மூங்கிலில் கட்டிய கம்பளிக்குள்,
நாலு பேர் தோள் மாற்றித் தோள் மாற்றி
இரண்டு ஓடை தாண்டி.

பெயர் வேடியம்மா. வயது இருபத்திரண்டு.
பலாமரத்தடியில், செல்போன் வெளிச்சத்தில்
குழந்தை பிறந்துவிட்டது.
நஞ்சும் விழுந்துவிட்டது.
ரத்தம்தான் நிற்கவில்லை.

அடிவாரத்தில் நான் ஒருத்தி. இரவு இரண்டு பத்து.
டாக்டர் மாற்றலாகிப் போய் ஐந்து வாரம்.
ஊசி போட்டேன். கருப்பை இறுகவில்லை.
இன்னொன்று.
இறுகவில்லை.
அப்போதுதான் மருந்துப் பெட்டியின் உள்சுவரைத் தொட்டேன்,
யாரோ இப்போதுதான் எழுந்துபோன நாற்காலி மாதிரி
வெதுவெதுப்பு.

நூற்றியெட்டில் கூடவே ஏறினேன்.
ஒரு கை உள்ளே, முஷ்டியாக.
ஒரு கை வயிற்றின் மேல்.
அணைக்கட்டு வரும்வரை விரல்கள் என்னுடையவை,
அதற்கப்புறம் யாருடையவோ.
ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்னால் இலியாஸ்
"சிஸ்டர், புடிச்சிக்குங்க" என்றார்.
எதை?
பிடித்திருப்பதை விட்டால்தானே.

அடுக்கம்பாறையில் பி நெகட்டிவ் இல்லை.
யாரோ யாருக்கோ போன் போட்டு
காட்பாடியிலிருந்து ஒரு பையன் வந்தான்.
ஹெல்மெட்டைக் கழற்ற மறந்து
கை நீட்டி உட்கார்ந்தான்.

பிழைத்தாள்.

செத்திருந்தால் ஒரு கோப்பு பிறந்திருக்கும்.
மாவட்டக் கூட்டத்தில் வரிசையாக உட்காரவைத்து
எத்தனை மணிக்கு வலி, எத்தனை மணிக்கு டோலி,
எத்தனை மணிக்கு ஊசி என்று கேட்டிருப்பார்கள்.
பெட்டியைப் பற்றி நானும் சொல்லியிருப்பேன்.
நான் எழுதிய மூன்று கடிதங்களையும் காட்டியிருப்பேன்.
பிழைத்தவளைப் பற்றி யார் கேட்கிறார்கள்?
பதிவேட்டில் ஒரே வரி.
தாயும் சேயும் நலம்.

பெட்டி இன்னும் அதே இடத்தில்.
ஐஸ் வாங்க நானே காசு கொடுத்து அனுப்புகிறேன்.

பன்னிரண்டாம் நாள் அவள் புருஷன் சென்றாயன் வந்தான்.
கும்பிடு போடுவான் என்று நினைத்தேன்.
கம்பளியைக் கேட்டான்.
துவைத்து மடித்து வைத்திருந்தேன்,
கறை முழுசாகப் போகவில்லை என்றேன்.
"பரவால்ல சிஸ்டர், ஊர்ப் பொதுவு அது."
சைக்கிள் ஸ்டாண்டில் சாய்ந்திருந்த மூங்கிலையும்
எடுத்துத் தோளில் வைத்து
கனம் பார்த்தான்.

என்னப்பா அவசரம், சாப்பிட்டுப் போ என்றேன்.

"மேலண்ட வீட்ல ஒரு பொண்ணுக்கு
மாசம் ஆயிடுச்சி."