கடைக்காப்பு

கடைசியாக வருவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
முன்னால் மயேல், வரைபடமும் விசிலுமாக.
நடுவில் எட்டுப் பேர்.
பின்னால் நான்:
இரண்டு ட்யூப், ஒரு பம்ப், சங்கிலித் துண்டு,
முழங்காலுக்குக் களிம்பு,
அழுதால் கொடுக்க உப்புக் கடலை.

ல் புய் கோயில் படிகளில்
பாதிரியார் ஆசீர்வதித்தபோது
யாருடைய ஹேண்டில்பாரையோ முடுக்கிக்கொண்டிருந்தேன்.
தலையில் ஒரு சொட்டுத் தீர்த்தம்.
மழையென்று நிமிர்ந்து பார்த்தேன்.

ஐந்து நாள், கோங்க் வரை.
நடந்து போகிறவர்களின் பழைய பாதை
காட்டுக்குள் நுழையும் இடங்களில்
நாங்கள் தார்ச்சாலையில் சுற்றிப் போவோம்.
சுற்றிப் போனால் புண்ணியம் உண்டா
என்று கேட்டார் பல் டாக்டர்.
கிலோமீட்டர் உண்டு என்றாள் மயேல்.

எனக்கு முதுகுகளைத்தான் தெரியும்.
லீல் நகரத்து அண்ணன் தம்பி
ஏற்றத்தில் ஒருவரையொருவர் முந்துவார்கள்,
இறக்கத்தில் மட்டும் பேசிக்கொள்வார்கள்.
டாக்டருக்கு இதயம் மணிக்கட்டுக் கடிகாரத்தில்;
நூற்று அறுபதைத் தொட்டால்
மரியாளைக் கூப்பிடுவார்.

மதாம் பெர்த்தீல் கெய்ரோல் மட்டும்,
எழுபத்தொரு வயது, பேட்டரி சைக்கிள்,
வளைவுக்கு வளைவு திரும்பிப் பார்ப்பாள்.
விழப்போகிறீர்கள் என்றேன்.
விழவில்லை.
சாயங்காலம் எல்லாரும் ஷூவைக் கழற்றிப் போட்ட பிறகும்
விடுதி வாசலில் ஹெல்மெட்டோடு நிற்பாள்.
நான் வந்து இறங்கியதும்
"முழுசு" என்பாள், யாரிடமும் இல்லாமல்.
பிறகு சூப் குடிக்கப் போவாள்.

மூன்றாம் நாள் ஓப்ராக் மேட்டுநிலம்.
மரமில்லை. காற்றுக்கு ஒதுங்க
ஒரேயொரு கல்சிலுவை,
அதன் பின்னாலும் மை தீட்டிய கண்ணோடு
ஒரு மாடு முன்பே ஒதுங்கியிருந்தது.
அங்கே செத்தது பேட்டரி.
வேனைக் கூப்பிடுகிறேன் என்றேன்.
காதில் வாங்காமல் உருட்டத் தொடங்கினாள்,
இருபத்தாறு கிலோ இரும்பை.
நானும் இறங்கி உருட்டினேன்.
சம்பளம் அப்படி.

அப்போது சொன்னாள்:
முப்பத்திரண்டு வருடம் ரயில்வே கேட்.
எஞ்சினுக்குக் கையாட்டுவது குழந்தைகள்.
நான் பார்ப்பது
கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கு.
அது கடந்தால் ரயில் முழுசாக வந்தது.
இல்லையென்றால் எங்கோ
ஒரு துண்டு அறுந்து நிற்கிறது,
உள்ளே ஆட்களோடு.

அப்படி நடந்திருக்கிறதா?

ஒரு தடவை, என்றாள்.
அதன்பின் நஸ்பினால் வரும்வரை
பாலாடைக்கட்டி போட்டு மசித்த
உருளைக்கிழங்கைப் பற்றியே பேசினாள்.

ஐந்தாம் நாள் எனக்கே பஞ்சர்.
கீழே கோங்க் ஊரின் கற்கூரைகள்
தெரிந்தும் தெரியாமலும்.
முள்ளில்லை, ஆணியில்லை,
எதுவும் குத்தாமலே காற்று போயிருந்தது.
ட்யூப் இரண்டும் லீல் தம்பிக்கே தீர்ந்துவிட்டன.
ஒட்டுப் போட்டேன். அக்டோபர் மழை.
பிய்ந்தது. மறுபடி போட்டேன்.
போனில் ஒரு கோடு சிக்னல் இல்லை.
ஆறு மணி அடித்தது கீழே.
எல்லாரும் கோயிலுக்குள் இருப்பார்கள்,
ஈரச் சட்டையோடு, ஆர்கன் இசையில்.

கடைசி ஆளுக்குப் பின்னால் யார் வருவார்கள்?
பதினோரு வருடத்தில்
இதை நான் கேட்டுக்கொண்டதில்லை.

மூன்றாவது ஒட்டு பிடித்தது.
இருட்டில் பிரேக் கீச்சிட இறங்கினேன்.

ஊர்வாசல் வளைவின் அடியில்
ஒரு ஹெல்மெட்.
எத்தனை நேரமாக என்று கேட்க வாயெடுத்தேன்.
கையசைத்தாள்: போ, போ, நிற்காதே.
என் முகத்தைப் பார்க்கவில்லை அவள்.
நான் கடந்து போகும்வரை காத்திருந்து
என் சீட்டுக்குக் கீழே எரிந்த
சிவப்பைப் பார்த்தாள்.

பிறகு மழைக்கோட்டுக்குள்ளிருந்து ஒரு நோட்டு.
பெயர் கேட்டாள்.
சீலன் என்றேன், வழக்கம்போல்.
தலையாட்டினாள்: முழுசாகச் சொல்.
எழுத்தெழுத்தாகச் சொன்னேன்,
எழுத்தெழுத்தாக எழுதினாள்,
என் பின்விளக்கின் வெளிச்சத்தில் குனிந்து.

தவசீலன்.
ஏழு பத்து. மழை.
முழுசு.