வடிகட்டியில் இருந்தது

காக்கி புக்கிட், மூன்றாம் மாடி. மணி பத்தேகால்.
திருவாட்டி ரெபேக்கா அருமைநாதன்
வண்டியை அணைக்காமலே இறங்கினார்.
"அணைச்சா திரும்ப எழும்புமான்னு பயம், தணிகை."

சிக்னலில் நின்றால்
சிவப்பு விளக்கு எரிகிறதாம்.
மிதித்தால் அணைகிறதாம்.
நேற்று சிலேத்தார் விரைவுச்சாலையில்,
மழை நெரிசலில்,
வெப்ப முள் ஏறியது ஏறியதுதான்.

கேட்க வேண்டியதைக் கேட்டேன்.
எண்ணெய் எப்போது மாற்றினீர்கள்?
யாரிடம்?
மலிவென்று ஜொகூரில் எதையாவது ஊற்றினீர்களா?
ஒவ்வொரு கேள்விக்குள்ளும் ஒரு குற்றவாளி இருந்தான்.
அவன் நானில்லை.

பத்தொன்பது வயது வண்டி.
சிஓஇ இன்னும் பதினான்கு மாதம்.
பின் இருக்கையில் நீச்சல் பலகைகள்,
பிள்ளைகளின் கண்ணாடிகள், குளோரின் வாடை.
ஈசூனில் மிதக்கக் கற்றுத்தருகிறார்.
"ஆறு வருஷமா ஸ்க்ராப்புக்குப் போடச் சொல்றாங்க" என்றார்.
யாரென்று சொல்லவில்லை.

டிப்ஸ்டிக்கில் அளவு சரி.
நிறம் கறுப்பு; பால் கலந்த கோப்பி இல்லை.
மூடியின் அடியில் வெண்ணெய் படியவில்லை.
ஹெட் கேஸ்கெட்டை மனசுக்குள் அடித்துவிட்டேன்.

விளக்கு பொய் சொல்லும்.
அதன் பின்னாலிருக்கும் சென்சர்
பத்து வெள்ளிப் பொய்யன்.
இரண்டு மணி நேரம் ஆறவிட்டு
அவனைக் கழற்றி, அந்த ஓட்டையில்
என் மானியை முடுக்கினேன்.
குளிரில் ஐம்பது.
சூடேறச் சூடேற
மின்தூக்கிபோல் மாடி மாடியாய் இறங்கி
முள் ஆறில் நின்றது.
விளக்கு சொன்னது உண்மை.

"பேரிங் போயிருக்கும்" என்றேன்.
"மூவாயிரத்துக்குக் குறையாது."
அவர் ஒரு நீச்சல் கண்ணாடியின் ரப்பரை
இழுத்து இழுத்து விட்டார்.

பூன் கியாட்தான் தெர்மோஸ்டாட்டைத் திறந்தான்.
வால்வில் சிக்கியிருந்த எதையோ
நகத்தால் எடுத்தான், பார்த்தான்,
துணிமேல் வைத்தான்.
கோப்பி வாங்கி வருகிறேன் என்று போய்விட்டான்.
அவன் கோப்பி மேசையில்
அப்போதுதான் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

நான் சம்ப்பைக் கழற்றினேன்.
உறிஞ்சு குழாயின் வாயில் ஒரு வலை.
வலையில் பாதிக்கு மேல்
புழுப் புழுவாய்
ஆரஞ்சு நிறச் சிலிக்கான்.

இந்த மாடியில் எல்லாரும் சாம்பல் நிறம்தான் பூசுவார்கள்.
ஆரஞ்சு பூசுகிறவன் ஒருவன்.
கூடக் கொஞ்சம் இருக்கட்டுமே என்று
விரல் தடிமனுக்குப் பிதுக்குகிறவன் ஒருவன்.
இரண்டு வருடம் முன்பு
தண்ணீர் பம்ப்பும் மாற்றி, சம்ப்பையும் ஒட்டி
பில் போட்டிருக்கிறேன், என் கையெழுத்தில்.

ஒழுகவில்லை. அதைச் சொல்லிக்கொள்ளலாம்.
வெளியே ஒரு சொட்டு ஒழுகவில்லை.
உள்பக்கம் பிதுங்கியது
தண்ணீரிலும் எண்ணெயிலுமாய்
இரண்டு வருடம் வழி தேடியிருக்கிறது.

பூன் கியாட் இன்னொரு கோப்பியோடு வந்தான்.
துணியைப் பார்க்கவில்லை.
என்னையும்.

"அப்ப, பேரிங்தானா?"
'ஆமாம்' என்பதற்கு
என் வாய் ஏற்கெனவே பாதி திறந்திருந்தது.
மூவாயிரம் என்றால் ஸ்க்ராப்புக்குத்தான் போவார்.
வண்டியோடு வலையும் நசுங்கும்.

எப்படியோ துணியை நீட்டிவிட்டேன்.
அவர் ஒரு துணுக்கை எடுத்து
இரண்டு விரலால் இழுத்தார்.
நீண்டது.
"இவ்வளவு சின்னதா?"
"ஆமாம்."
"யார் போட்டது?"
கீழ்த்தளத்தில் யாரோ ஹாரனைச் சோதித்தார்கள்.
அது முடியும்வரை நின்றேன்.
பிறகு சொன்னேன்.

மாலை ஐந்தரை.
வலை கழுவி, புது எண்ணெய், புது தெர்மோஸ்டாட்.
சூட்டில், நின்ற நிலையில், பதினெட்டு.
பேரிங்கும் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது;
அதைச் சொன்னபோது
அவர் நம்பினாரா என்று தெரியவில்லை.
காசு வாங்கவில்லை.
அவரும் நன்றி சொல்லவில்லை.

வண்டி சரிவுப்பாதையில் சுற்றிச் சுற்றி
இறங்கும் சத்தம் கேட்டது.
அலமாரியைத் திறந்தேன்.
ஆரஞ்சுக் குழாயில்
இன்னும் பாதி இருக்கிறது.