ஆறு தோணி

ஓட்டுநர் இருக்கையின் கீழே ஒரு சோடிக் காலுறை.
இடது, புரட்டாதியிலேயே முடிந்துவிட்டது.
வலது, குதிகால் திரும்பும் இடத்தில்
திரும்ப மனமில்லாமல் நிற்கிறது.

சோபாவின் கைப்பிடியில்
குகதாசனின் சாம்பல்நிற ஸ்வெற்றர்:
முதுகு உண்டு, நெஞ்சு உண்டு, ஒரு கை உண்டு.
இரண்டு பனிக்காலத்துக்கு முன் அளவெடுத்தது.
அதன்பிறகு
ஸ்வெற்றரை விட அவர்தான் வேகமாக வளர்ந்தார்.

பிரிட்ஜின் மேல், கூடைக்குள்,
சுகிர்தா மச்சாளின் பிள்ளைக்குப் போர்வை.
தொடங்கும்போது வயிற்றில் இருந்தவன்
போன கிழமை தன் பெயரை எழுதிப்
படம் எடுத்து அனுப்பியிருந்தான்.
போர்வை இன்னும் அவன் முழங்காலைத் தாண்டாது.

அலுமாரிக்குள் சால்வை. எனக்கே எனக்கு.
இருபத்துநான்கு கண்ணிக்கு ஒரு பூ விழவேண்டும்.
பதினேழு எண்ணுகையில் தொலைபேசி அடிக்கும்.
அதற்கு வேண்டியது ஒரு முழு மௌனம்,
சஸ்கட்டூனில் எந்தக் கடையிலும்
அது வருவதில்லை.

அடுப்படியில், பாத்திரம் துடைக்க ஒரு துணி,
சோறு வேகும் நேரத்தில் நான்கு வரி.
ஆறாவதை
எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.
நாலு மில்லிமீற்றர் ஊசி ஒன்றும்
அதோடுதான் போயிருக்கிறது.

"ஒண்டை முடிச்சுப்போட்டு மற்றதைத் தொடுமன்"
என்கிறார் குகதாசன்,
கராஜில் பாதி கழற்றிப் போட்ட
பனி அள்ளும் மெசினின் முன் குந்தியிருந்து.
இரண்டு தோணியில் கால் வைக்காதே என்பார்கள்.
எனக்கு ஆறு.
காலுக்குத்தான் உறை இல்லை.

அவருக்குச் சொல்லவில்லை:
முதல் வரியில் பிழையே இருக்காது.
அந்த ருசிக்காகத்தான்
ஒவ்வொன்றையும் தொடங்குகிறேன்.

தை மாதத்தில் ஒரு செவ்வாய்.
மைனஸ் முப்பத்துநான்கு.
இருபத்திரண்டாம் தெருவில் பள்ளி பஸ்ஸை நிறுத்தினேன்.
ஜோமார் ஏறினான். வலது கையில் கையுறை,
இடது கை ஜக்கெற்றுக்குள்.
மற்றது எங்கே என்றேன்.
தோளைக் குலுக்கினான்.
ஏழு வயதுக்காரனுக்கு அது முழுப் பதில்.

இருக்கைக்குக் கீழே கைவிட்டேன்.
முடிந்த காலுறை, மஞ்சள்,
அவன் முழங்கை வரை ஏறியது.
என் குதிகாலுக்கு விட்ட இடத்தில்
அவன் பெருவிரல் மடங்கிப் படுத்தது.
'கா' கையாக, 'லு' யுவாக
மாறியது இரண்டெழுத்துத்தான்.
நாலு மாதம் துணை பார்த்திருந்த ஒற்றை
இன்னோர் ஒற்றையோடு சோடி சேர்ந்து
பள்ளி வாசலில் இறங்கிப் போனது,
என்னைத் திரும்பியும் பாராமல்.

மறுநாள் அவனுக்குப் புதுக் கையுறை,
இரண்டும் இருந்தன.
காலுறையையும் விடவில்லை.
யாரோ கறுப்புப் பொத்தான் இரண்டு தைத்துக்
கண் கொடுத்திருந்தார்கள்.
கல்லறி பாலம் தாண்டுமுன்னே
பாம்பு மூன்று பேரைக் கடித்துவிட்டது.
கடிபட்ட மூவரும்
வியாழனன்று என் தோளைத் தட்டினார்கள்:
தங்களுக்கும் வேண்டுமாம்.
ஒருத்திக்கு ஊதா.

மத்தியானம் டிப்போவில்,
ஹீற்றர் ஓடும் இருபது நிமிடத்தில்
வலது காலுறையைக் கையில் எடுத்தேன்.
பாம்புக்கு ஏது குதிகால்?
திரும்பாமல் நேரே போனேன்,
வரி மேல் வரி, மடமடவென்று.
இது ஏழாவது இல்லை, முதலாவதுதான்.
வீட்டில் அப்படித்தான் சொல்லவேண்டும்.

ஊதாவுக்கு நாலு மில்லிமீற்றர் ஊசி.
மிச்சமிருப்பது ஸ்வெற்றரின் கையில்.
உருவிவிட்டு
கண்ணிகளைப் பழைய நூலொன்றில் கோத்து வைத்தால்
அவை எங்கும் போகா.
அவரும்
மெசினைப் பூட்டி முடிக்கும்வரை
எங்கும் போகமாட்டார்.