ஒன்பதாவது கேள்வி

நவம்பர் கடைசியில் போகும் சூரியன்
எங்கள் தீவுக்கு ஜனவரி பாதியில்தான் திரும்பும்.
அதுவரை எவருக்கும் மனசு சரியிருக்காது.
மீன் எண்ணெய் ஒரு கரண்டி,
சமையலறை மேசையில் ஒரு வெள்ளை விளக்கு,
"இருட்டுக் காலம்தானே, குன்வோர்" என்று
தோளில் ஒரு தட்டு.
நார்வேயின் வடகோடியில் வைத்தியம் இவ்வளவுதான்.
நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சூரியன் வந்தது.
பள்ளியில் பிள்ளைகளுக்கு இனிப்பு ரொட்டி கொடுத்தார்கள்.
எனக்கு மட்டும் வரவில்லை.
மே கடைசியில் அது மறைவதையே விட்டுவிட்டது.
நள்ளிரவில் பக்கத்து வீட்டு ரோஆல் புல் வெட்டுகிறார்.
நான் படுக்கையறை ஜன்னலில்
பழைய படகின் தார்ப்பாயை ஆணியடித்தேன்.

ஃபெரியின் எஞ்சின் அறையில் பதினெட்டு வருடம்.
மூன்றாம் சிலிண்டர் இருமினால்
மேல்தளத்தில் காபி குடித்துக்கொண்டே சொல்லிவிடுவேன்.
அந்த வசந்தத்தில் காலுறை மாட்டுவது ஒரு வேலை.
ஒரு காலுக்கு மாட்டியபின்
அடுத்த காலுக்கு நாற்பது நிமிடம்.
அழுகையா? இல்லை.
அழுதிருந்தால் ஏதோ நடக்கிறதென்றாவது இருந்திருக்கும்.
வறுத்த காட் மீன் நாக்கு என்றால் எனக்கு உயிர்;
அட்டையை மென்றதுபோல் மென்றேன்.
மூன்று மணிக்கு யாரோ எழுப்புவார்கள்,
எழுப்பிவிட்டு
ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

பிறகொரு எண்ணம் வந்தது,
மிக மரியாதையாக,
கையில் கணக்கு நோட்டோடு:
நீ இல்லாவிட்டால் எல்லாருக்கும் செலவு மிச்சம்.
கூட்டிப் பார்த்தேன். சரியாக வந்தது.
இன்றும் எனக்குப் பயம் தருவது
அது சரியாக வந்ததுதான்.

கரையில் கயிறு வீசும் ஆஸ்முண்ட்
வாரத்துக்குப் பதினொரு சொல் பேசுகிறவன்.
ஜூன் ஒன்பது, டீசல் நிரப்பும்போது
கீழே இறங்கி வந்து நின்றான்.
"நீ எஞ்சினைத் திட்டி மூணு மாசமாச்சு."
ஒரு கெட்ட வார்த்தை தேடினேன்.
கிடைக்கவில்லை.
"செத்துடலாம்னு தோணுதா?"
மழை வருமா என்பதுபோல் கேட்டான்.

இரும்புப் படியில் உட்கார்ந்தேன்.
ஆமாம் என்று சொல்வதற்குள்
துறையில் காத்திருந்த வண்டிகள்
ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டன.
அடிக்கட்டும் என்று விட்டான்.
பதறவில்லை. கடவுள் பெயர் எடுக்கவில்லை.
என் கையிலிருந்த எண்ணெயை
அவன் சட்டையிலேயே துடைத்தான்.
"என் வண்டி மேலதான் நிக்குது."

மருத்துவர் சிக்னெ, சிறுமியாக இருந்தபோது
எங்கள் ஃபெரியில் வாந்தி எடுத்தவள்.
ஒரு தாளை நீட்டினாள். ஒன்பது கேள்வி.
கடந்த இரண்டு வாரத்தில்:
இல்லவே இல்லை, சில நாள்,
பாதி நாளுக்கு மேல், அநேகமாகத் தினமும்.
ஒன்பதாவதில் என் பேனா நின்றது.
ஆஸ்முண்ட் ஜன்னல் பக்கம் திரும்பி
கடற்பறவைகளை எண்ணினான், சத்தமாக.
முப்பத்தொன்று வரை போயிருப்பான்.
கடைசிக் கட்டத்தில் கோடு போட்டேன்.

"இதுக்குப் பேர் இருக்கு" என்றாள்.
"கடுமையான மனச்சோர்வு. வைத்தியம் இருக்கு.
இன்னைக்கு ராத்திரி நீ தனியா இருக்கப்போறதில்லை."
அதட்டல்போல்தான் சொன்னாள்.
அந்த அதட்டலில் சாய்ந்துகொண்டேன்.

நகரத்து மருத்துவமனையில் பதினேழு நாள்.
முதல் மாத்திரை வாயை உலர்த்தியது, அவ்வளவுதான்.
இரண்டாவது, ஐந்தாம் வாரத்தில்,
ரொட்டிக்கு உப்பைத் திருப்பித் தந்தது.
செவ்வாய்தோறும் ஒரு பெண்ணிடம் பேசினேன்;
பாதி செவ்வாய் எதுவும் பேசவில்லை,
அதற்கும் நேரம் கொடுத்தாள்.

செப்டம்பரில் ஸ்பேனர் வழுக்கிப் பெருவிரலில் விழுந்தது.
என்னிடமிருந்து ஒரு வார்த்தை கிளம்பியது,
பாதிரியார் வண்டியோடு மேலே நிற்கையில்
கிளம்பக் கூடாத வார்த்தை.
மூடித் துளையில் ஆஸ்முண்டின் தலை:
"இன்னொரு தடவை சொல்லு."

நவம்பர் இனிமேல்தான் வரணும்.
எஞ்சின் அறைக் கதவின் உட்புறம்
சிக்னெயின் தொலைபேசி எண்ணை
பெயின்ட்டில் எழுதிவைத்திருக்கிறேன்.
பெயர் போடவில்லை.
எனக்கென்று மட்டும் இருக்கவேண்டாம்.