பிறப்புக் கோடு

நான்கு நிறுவனங்களுக்கு ஒரே லேசர்.
அதனால் சண்டையெல்லாம் நாட்காட்டியில்தான்.
செவ்வாய் காலை நச்சியல்காரர்கள்,
மதியம் சூரிச்சிலிருந்து வரும் தலைமுடிக் கூட்டம்.
புதன், பராமரிப்பு என்று
ரெகுலா ஆம்ஸ்லர் சிவப்பில் பூட்டிவைத்திருப்பாள்;
திறக்கச் சொல்லிப் பேராசிரியர்கள்
சாக்லேட்டோடு வருவார்கள்.
உள்ளாட்களுக்கு மணிக்கு நூற்று நாற்பது பிராங்க்.
வெளியாட்கள் விலை கேட்டு ஒருகணம் உட்கார்ந்துவிடுவார்கள்.

நான் எந்தக் கூட்டத்திலும் சேர்த்தியில்லை.
எல்லாக் கூட்டமும் என் கைவழியே போகும்:
தீயணைப்புக்காரர்களின் இரத்தம்,
திராட்சைக்கு மருந்தடித்தவர்களின் சிறுநீர்,
ஆற்றங்கரைக் குடியிருப்பின் படுக்கையறைத் தூசி.
பெயர் வராது. எண் வரும்.
எண் இருமாது,
அதனால் வேலை ஓடுகிறது.

இந்த வாரம் பற்கள்.
மலைக்கு அந்தப்பக்கம், ஒருகாலத்தில் பழைய பேட்டரி உருக்கிய ஊரில்
பள்ளிக்கூடம் வழியாகச் சேர்த்த பால்பற்கள், அறுபத்திரண்டு.
நெடுக அறுத்தால் உள்ளே மரம்போல் வரி வரியாய்.
மரம் வருடம் எழுதும், பல் நாள் எழுதும்.
நடுவில் ஒரு கருங்கோடு:
பிள்ளை பிறந்த அன்று
உடம்பு திடுக்கிட்டு நின்ற இடம்.
கோட்டுக்கு அந்தப்பக்கம் கருப்பை,
இந்தப்பக்கம் ஊர்க்காற்று.
லேசர் மயிரிழை அகலத்தில் எரித்துக்கொண்டே போகும்.
திரையில் ஈயம் எழும், விழும்.

0417.
உறைக்குள் ஒரு துண்டுத்தாள் தப்பி வந்திருந்தது.
'கீழ் முன்பல். சைக்கிளில் விழுந்து ஓரம் உடைந்தது.
முடிந்தால் திருப்பித் தரவும். லிவியோவின் அம்மா.'
விதிப்படி கிழிக்க வேண்டும். கிழித்தேன்.
'முடிந்தால்' மட்டும் கிழியவில்லை.

0417-இல் கோட்டுக்கு முன்பே ஈயம் ஏறியிருந்தது.
கருவிக் கோளாறு என்று நினைத்தேன்.
வெற்று மாதிரி ஓட்டினேன், சுத்தம்.
தர மாதிரி ஓட்டினேன், சரி.
திரும்பவும் அதே மேடு.

"அது அவன் ஊரில்லை" என்றான் தீபோ,
கையில் காப்பி. "அம்மாவின் எலும்பு.
சின்ன வயதில் உள்ளே போன ஈயம்
சுண்ணாம்பு வேஷம் போட்டு எலும்பில் உட்கார்ந்திருக்கும்.
வயிற்றுப் பிள்ளை சுண்ணாம்பு கேட்கும்,
உடம்பு எலும்பைக் கரைத்துக் கொடுக்கும்.
இருப்பதைத்தானே கொடுக்க முடியும்?"
சொல்லிவிட்டுக் கோப்பையைக் கழுவப் போனான்.

பதினோராம் எண் டிராமில் நாக்கால் என் பற்களை எண்ணினேன்.
தடைக்காலத்தில், செத்த பேட்டரிகளை
உடைத்து, உப்புத்தண்ணீர் ஊற்றி, வெயிலில் வைத்து
செய்தி கேட்ட வீடு.
கறுத்த கையைப் பாவாடையில் துடைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருக்கிறேன்.
அகதி நேர்காணலில் தேதி கேட்டார்கள்,
வந்த வழி கேட்டார்கள், மூன்று தடவை.
எலும்பை யாரும் கேட்கவில்லை.
அதுவும் வாய் திறக்கவில்லை.

வியாழன் இரவு ஆதிரைக்குப் பல் விழுந்தது.
ரொட்டியோடு கடித்து, துப்பி,
இரத்தச் சிரிப்போடு உள்ளங்கையில் நீட்டினாள்.
தயிர்க் குவளை மூடியில் வைத்தேன்.

வெள்ளி நாலரைக்குத் தலைமுடிக் கூட்டம் வரவில்லை.
நாட்காட்டியில் ஒரு வெள்ளைக் கட்டம்.
படிவத்தைத் திறந்தேன்.
மாதிரி வகை: பல்.
எங்கிருந்து: பாசல் என்று அடித்தேன்.
அழித்தேன்.
கோட்டுக்கு முன்பா பின்பா என்று
படிவத்தில் இடமில்லை.

"அந்த அரைமணியை எடுக்கிறாயா,
வேறு யாருக்காவது கொடுக்கட்டுமா?"
ரெகுலா வாசலில் நின்றாள்.
கொடு என்றேன்.
பிறகு, இல்லை, திங்கள் சொல்கிறேன் என்றேன்.
திங்களுக்கு நூற்று நாற்பது பிராங்க்
யார் கணக்கில் என்று அவள் கேட்கவில்லை.

லிவியோவின் பல்லைப் பஞ்சில் சுற்றி
பள்ளிக்கூட விலாசம் எழுதினேன்.
ஒரு மயிரிழை குறைகிறது என்று
எழுதவா வேண்டாமா என யோசித்து
வெறும் பல்லாகவே அனுப்பினேன்.